வெளிச்சம் மங்கினால் நச்சுக் காற்று

ஊரில் எல்லோரும் விளக்கு நன்றாக எரிய வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். எங்கள் தொழிலில் அது மங்குவதற்காகக் காத்துக்கிடப்போம். காரைக்குடியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு அந்த வேலை. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய துத்தநாக ஆக்சைடு இழைகளைக் கண்ணாடித் துண்டில் வளர்த்து, அதன்மேல் புற ஊதா ஒளியை விழச் செய்தால் இழைகள் தாமே மினுங்கும். திராவகத்திலிருந்து கிளம்பும் நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற நச்சு வாயு பட்டால் அந்த மினுக்கம் குறையும். கேட்க எளிதுதான். ஏதாவது ஒரு கருவி முன்னால் பழியாகக் கிடந்தவர்களுக்கு மீதிக் கதை தெரிந்திருக்கும்.

ஈரத் தரை

ஆரம்பத்தில், வாயுவைத் திறக்காமலேயே தினமும் காலையில் ஒரே நேரத்தில் மினுக்கம் குறைந்தது. குழாய் மூட்டுகளுக்கெல்லாம் சோப்பு நுரை வைத்துப் பார்த்தேன். எங்கும் கசிவில்லை. கூட வேலை பார்க்கும் கார்த்திக் அடித்துக்கொண்டு வரும் சென்ட்தான் காரணம் என்று சந்தேகப்பட்டேன். பாவம், அவன் சில நாள் அதையும் விட்டுப் பார்த்தான்.

கடைசியில்தான் உறைத்தது. அது செல்லம்மாக்கா தரை துடைக்கும் நேரம். காற்றில் ஏறும் ஈரம் இழைகளில் படிந்து ஒளியைக் குறைக்கிறது. சாயங்காலம் துடைக்க முடியுமா என்று காரணம் சொல்லிக் கேட்டேன். அவர் வாளியைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்: “அப்ப மழைக்காலத்துல உங்களுக்கெல்லாம் லீவா தாயி?”

மங்கியது மங்கியதுதான்

அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் முன்பே வேறொரு சிக்கல் வந்தது. ஒருநாள் வாயுவைத் திறந்ததும் மினுக்கம் அழகாக இறங்கியது. மகிழ்ச்சி தாங்காமல் என் வழிகாட்டிப் பேராசிரியரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் அதிகம் பேச மாட்டார். வாயுவை மூடிச் சுத்தமான காற்றை விடச் சொன்னார். சாயங்காலம்வரை பார்த்தோம். போன ஒளி போனதுதான். மறுபடி எரியாத விளக்கு ஒரு முறைக்குமேல் எதையும் சொல்லாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எத்தனை கண்ணாடித் துண்டுகளை வீணாக்கினேன் என்று எண்ணவில்லை. கார்த்திக் அதற்குள் பேட்டரி ஆராய்ச்சிக்கு மாறிவிட்டான். கேன்டீனில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எதிரே டீயுடன் வந்து உட்கார்ந்து சொன்னான்: “நீங்களும் பேட்டரிக்கு வந்துருங்கக்கா. அதுல போனதைத் திரும்ப ஏத்திக்கலாம்.”

சித்தப்பாவின் பட்டறை

நான் போகவில்லை. கண்ணாடித் துண்டுக்கு அடியில் ஒரு சின்னச் சூடேற்றியை வைத்தேன். சூட்டில் ஈரம் படியவில்லை. ஒட்டிக்கொண்ட வாயுவும் விலக, ஒளி திரும்ப வந்தது. எல்லாவற்றையும் டிபன் பாக்ஸ் அளவுள்ள பெட்டியில் அடக்கினேன். வெளியில் வைத்துச் சோதிக்க எனக்கு இடம் தயாராக இருந்தது. நாங்கள் பொற்கொல்லர் குடும்பம். பழைய நகையை உருக்கித் திராவகத்தில் போட்டுத் தங்கத்தைப் பிரிப்பதுதான் என் சித்தப்பாவின் தொழில். போட்டதும் செம்பழுப்பாகப் புகை கிளம்பும்.

பெட்டியை அவர் இருக்கைக்குப் பக்கத்திலேயே வைத்தேன். மின்விசிறி போட்டு, சுவரைத் துளைத்துக் குழாய் விட்டுப் புகையை வெளியேற்ற அவரே ஏற்பாடு செய்திருந்தார். அன்று முழுவதும் அவர் திராவக வேலை பார்த்தும், பெட்டியின் திரையில் ஒளியின் அளவைக் காட்டும் கோடு அசையவே இல்லை. பெட்டி பழுதா, காற்று சுத்தமா என்று தெரியாமல் முழித்தேன். சித்தப்பாவுக்கு ஒரே பெருமை. “ஊரெல்லாம் விஷம் தேடுறவ, என் கடையில வந்து ஏமாந்து போறியே ஆத்தா.”

சுவருக்கு அங்குட்டு

பட்டறையின் பின்சுவரை ஒட்டி ஒரு குறுகிய சந்து; அதற்கு அந்தப் பக்கம் நூர்ஜஹான் அக்காவின் தையல் கடை. தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கப் போனபோது விடாமல் இருமிக்கொண்டிருந்தார். அந்த வெயிலிலும் ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருந்தார். பத்தர், அதாவது என் சித்தப்பா, வேலை செய்யும்போதெல்லாம் தொண்டை கமறுவதாகவும், ஒருமுறை சொன்னதற்குப் புகை குழாய் வழியாக வெளியே போய்விடுகிறது என்று அவர் சொன்னதாகவும், பிறகு கேட்கத் தயக்கமாக இருந்ததாகவும் சொன்னார். அட்டையை விலக்கிப் பார்த்தேன். குழாயின் வாய் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

பெட்டியைத் தையல் மிஷின்மேல் வைத்தேன். சித்தப்பா திராவகம் ஊற்றிய கொஞ்ச நேரத்தில் கோடு சரிந்தது. அதுவரை எனக்குக் கிடைத்ததிலேயே நல்ல அளவீடு அது. எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை.

சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே நீராவி இஸ்திரி இருக்கிறது, ஈரத்துக்கும் மங்கும் என்று நீதானே சொன்னாய் என்றார். கோபம் வந்தாலும் கேள்வி சரியானது. திராவகம் ஊற்றாத நாளில் இஸ்திரியை மட்டும் ஓடவிட்டேன்; கோடு நேராக நின்றது. மறுநாள் இஸ்திரியை அணைத்துவிட்டு, திராவகத்தைப் பட்டறை ஆளை ஊற்றச் சொல்லி, சித்தப்பாவைத் தையல் கடையில் திரைக்கு முன்னால் உட்காரவைத்தேன். கோடு இறங்கியது. பக்கத்தில் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். சித்தப்பா எழுந்து சந்துக்குள் போய்க் குழாயையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பி வந்து அக்காவிடம் சொன்னார்: “என் மூக்குல ஏறக் கூடாதுன்னுதான் குழாய் போட்டேன். யாரு மூக்குல ஏறுதுன்னு பார்க்காம இருந்துட்டேனே தங்கச்சி.”

ஜன்னல்

அன்றே திராவக வேலையை நிறுத்தினார். புகையை, அமிலத்தை முறிக்கும் காரத் தண்ணீரில் கழுவி அனுப்பும் இயந்திரம் வந்து, குழாய் கூரைக்குமேல் ஏறிய பிறகுதான் மறுபடி தொடங்கினார். அக்காவை டாக்டரிடம் கூட்டிப் போனேன். நுரையீரல் தேறிவிடும், இருமல் நிற்க மட்டும் நாளாகும் என்றார்.

புதுக் குழாய் வழியாகப் புகை போகும்போது பெட்டியை மீண்டும் தையல் மிஷின்மேல் வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் குறையவில்லை. அட்டையை எடுத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்துத் தைத்துக்கொண்டிருந்த அக்காவிடம், இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மிஷினை நிறுத்தாமலே சொன்னார்: “காத்து நல்லா வருது தங்கச்சி. பத்தரண்ணே போடுற ரேடியோவும் சேர்ந்து வருது, அதுக்கு ஏதாச்சும் பொட்டி வச்சிருக்கீகளா?”

நச்சுக் காற்றைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அதைச் சொந்தச் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு, அடுத்த பொங்கலுக்கும் அவர் வீட்டில் போய்ச் சாப்பிடுவதுதான் மீதிப் பாதி.