கயிற்றோடு கொடுத்த ஐந்து சென்ட்

போன வாரம் பஸ்ஸில் வரும்போது ரோட்டோரக் கடைகளைக் காட்டி, "அது நம்ம எடம் தான நைனா?" என்று கேட்டீர்கள். அத்தனை பேர் நடுவில் பதில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அது நம் இடம் இல்லை. ஊராட்சியின் இடம். உங்கள் தாத்தா கொடுத்தது.

நம் குடும்பத்தில் முதன்முதலாக நிலம் வாங்கியவர் அவர்தான். அதற்கு முன் எல்லாரும் பிறத்தியார் கொல்லையில் கூலிக்கு மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆய்ந்தவர்கள். நம் தெருப் பிள்ளைகளுக்குப் பால்வாடி வேண்டும், ஆனால் ஊராட்சியிடம் இடம் இல்லை என்றார்கள். ரோட்டை ஒட்டி, கோட்டை மலை நேராகத் தெரிகிற ஐந்து சென்டைத் தருகிறேன் என்றார் தாத்தா. பத்திரம் பதிய நானும் செஞ்சிக்குக் கூடப் போனேன்.

பத்திரம் எழுதுகிறவர் கேட்டார்: "பால்வாடிக்கு மட்டும்னு ஒரு வரி சேக்கட்டா பெரியவரே? நாளைக்கு வேற எதுனா கட்டிட்டா இன்னா பண்ணுவீங்க?"

தாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மாட்ட வித்தா கயித்த நாம வெச்சிக்குவோம். தானமா குடுத்தா கயித்தோட தான் குடுக்கணும். குடுத்துட்டு முனையப் புடிச்சிக்கினு நிக்கறதா? ஒண்ணும் எழுதாத."

விற்ற மாட்டோடு கயிறும் போனால் வீட்டு லட்சுமி போய்விடும் என்பது நம் பக்கத்து வழக்கம். தானத்துக்கு அது கிடையாது. அன்றைக்கு எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பால்வாடி வந்தது. நீங்கள் இரண்டு பேரும் அங்கேதான் ஆனா ஆவன்னா படித்தீர்கள். தாத்தா போன பிறகு மேல்தளம் ஒழுக ஆரம்பித்தது. யாரும் பார்க்கவில்லை. அப்புறம் ஆபத்தான கட்டடம் என்று இடித்தார்கள். புதிதாகக் கட்டத்தான் இடிக்கிறார்கள் என்று நம்பி இருந்தோம். எழும்பியதோ ஊராட்சியின் வாடகைக் கடைகள்.

கிராம சபையில் எழுந்து கேட்டேன். ஊராட்சித் தலைவர் கோபப்படவே இல்லை.

"அண்ணே, ஒங்க நைனா ஊராட்சிக்குத் தான குடுத்தாரு? பால்வாடிக்குன்னு பத்திரத்துல எங்கனா இருக்குதா? தீர்மானம் போட்டாச்சு."

"அப்ப புள்ளைங்க எங்க போவும்?"

"தர்மப் பிரபு வூடாச்சே நீங்க. இன்னும் ரெண்டு சென்ட் குடுங்க, கட்டிட்டா போச்சு."

பின்னால் சிலர் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் பால்வாடி டீச்சர் வீட்டுக்கே வந்தார். "புள்ளைங்கள ரேஷன் கடைக்குள்ள ஒரு ஓரத்துல ஒக்கார வெச்சிருக்கேண்ணா. அரிசி மூட்ட வந்து எறங்கினா, தூங்கற புள்ளைங்கள எழுப்பி வெளிய தள்றாங்க. அவரு கிண்டலுக்குச் சொல்லியிருந்தாலும், நெஜமாவே குடுத்தா என்னண்ணா?"

ஊராட்சி ஆபீசுக்குப் போனேன். நம் கொல்லையில் இரண்டு சென்ட் தருகிறேன், பால்வாடிக்கு மட்டும் என்று எழுதித்தான் தருவேன், வேறு எதற்காவது எடுத்தால் நிலம் எங்களுக்கே திரும்ப வேண்டும் என்றேன்.

"கண்டிஷன் போட்ட எடம்லாம் வேணாம்ண்ணே. குடுக்கறதுன்னா முழுசா குடுங்க" என்றார் தலைவர்.

தாத்தாவாக இருந்தால் முழுசாகக் கொடுத்திருப்பார். எனக்கு மனசு வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன். டீச்சர் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அந்த இரண்டு சென்டில் இந்த வருஷமும் மல்லாட்டைதான் போட்டிருக்கிறேன். நம்ம இடமா என்று கேட்டால், அதைக் காட்டி ஆமாம் என்று சொல்லலாம். பிள்ளைகள் இன்னும் ரேஷன் கடை ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.