ஏழாம் பக்கத்து மீன்கள்

தேவகனி டீச்சருக்குப் படம் வரைய அவ்வளவாக வராது. அவள் வரைந்த பசுவை ஆடு என்று யாரும் வாதாடலாம். இருந்தும் 1953இல் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது, பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பக்கத்துக்கு ஓர் எண்ணாக ஒன்று முதல் பத்து வரைக்கும் படம் வரைந்து, சாக்கு ஊசியால் தைத்து, ஒரு புத்தகம் ஆக்கியிருந்தாள்.

இரணியலில் மிஷன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரின் மகள் அவள். கடியப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்க வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் நூறு வரை ராகம்போட்டுச் சொன்னார்கள். ஏழு புளியங்கொட்டையை முன்னால் வைத்து எத்தனை என்று கேட்டால் விழித்தார்கள். அந்த விழிப்புதான் அவளை வரைய வைத்தது.

தலைமையாசிரியர் ஞானையனுக்கு அது பிடிக்கவில்லை. "படம் காட்டுததுக்கு இது என்ன திருவிழாக் கடையா டீச்சரே? இன்ஸ்பெக்டர் வரட்டு. அவரு வேண்டாம்னா புத்தகம் அலமாரிக்குள்ள போவும்."

"போவாது சார்," என்றாள் தேவகனி.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று வகுப்பு ஆறாம் பக்கம் வரைதான் முடித்திருந்தது. அவர் ஏழாம் பக்கத்தைத் திருப்பி, மீன்பிடிக்கும் சூசையின் மகள் திரேசம்மாளின் முன்னால் நீட்டினார். ஒரு பெரிய நெய்மீன். அதன் கீழே சின்னச் சின்னதாக ஆறு சாளை மீன்.

"இது எத்தனை?"

"ரெண்டு."

"நன்றாகப் பார்த்துச் சொல்."

"ரெண்டுதான் சார்."

ஞானையன் தொண்டையைச் செருமினார். ஏழு என்று உதட்டை அசைத்தால் போதும், பிள்ளை படித்துக்கொள்வாள் என்று தேவகனிக்குத் தெரியும். அவள் அசைக்கவில்லை.

"ஏன் ரெண்டுன்னு அவகிட்டயே கேளுங்க சார்."

திரேசம்மாள் கேள்விக்குக் காத்திருக்கவில்லை. "இது ஒரு கூறு, இது ஒரு கூறு. நெய்மீனயும் சாளையயும் ஒரே கூறாப் போட்டா எவ வாங்குவா? எங்கம்மை அடிச்சே போடுவா."

கரையில் மீனைக் கூறு போட்டு, குவியல் குவியலாக வைத்து விற்பதை இன்ஸ்பெக்டர் வரும் வழியில் பார்த்திருப்பார். ஒரு குவியல்தான் அங்கே ஒன்று என்ற கணக்கு. எதை ஒன்று என்று கொள்வது என்பதைத் தீர்மானிக்காமல் எவராலும் எண்ணமுடியாது. அந்தத் தீர்மானத்தைப் பிள்ளை எடுத்திருந்தாள், கேட்டவர் எடுத்திருக்கவில்லை.

"மக்கா, எத்தன தலை இருக்குன்னு சொல்லு," என்றாள் தேவகனி.

பிள்ளை சாளைகளை விரலால் தொட்டுத் தொட்டு ஆறு வரை போனாள். அடுத்த கூறுக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கவில்லை. விரல் நேரே நெய்மீனின் தலைக்குத் தாவியது. "ஏழு."

வகுப்பு இன்னும் தொடாத பக்கம் அது. இன்ஸ்பெக்டர் புத்தகத்தை மூடி தேவகனியிடம் கொடுத்தார்.

"புத்தகம் இருக்கட்டும்," என்றார் ஞானையனிடம். தேவகனியிடம், "படத்தின் கீழே கேள்வியை எழுதிவிடுங்கள். என்னைப் போல ஆட்கள் வருவார்கள்," என்றார்.

பாராட்டு என்று சொல்ல அதில் அதிகம் இல்லை. அவளுக்கு அது போதுமாயிருந்தது. சாயங்காலமே எழுதினாள்: எத்தனை கூறு? எத்தனை மீன்?

ஞானையன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "இது நெய்மீனா? நான் சுறான்னுல்லா நெனச்சேன்."

"ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கே சார்," என்றாள் தேவகனி, மை காயட்டும் என்று பக்கத்தை ஊதிக்கொண்டே.