ஐந்தரை மணிச் சத்தம்

மலாயாவில் தம்பின் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கரண்டு இஞ்சின் டிரைவராக இருந்த அலெக்சாண்டரிடம் ஒரு மின்சாரக் கித்தாரும், அதன் ஓசையைப் பெருக்கும் வால்வுப் பெட்டியும் இருந்தன. கப்பலேறிப் போன ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயிடம் வாங்கியவை. பெட்டியைத் திறந்தால் போதும், கித்தாரைத் தொடும் முன்பே அது உறுமத் தொடங்கும். அந்த உறுமலைக் கேட்டுக் காட்டுப்பன்றி ஜோடி தேடி வந்தது. பல மைல் தள்ளிக் கோலா பிலாவில் தொட்டில் பிள்ளைகள் திடுக்கிட்டு அழுதன. ரப்பர் மரம் ஒன்று பயத்தில் பாலை உள்ளே இழுத்துக்கொண்டது என்று சத்தியம் செய்தவர்களும் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் உண்டு.

ஐம்பத்திரண்டாம் வருடத்தில்தான் அது சிரிக்கிற விஷயமாக இல்லாமல் போயிற்று. மனைவி டோரின் காய்ச்சலில் போய் ஓராண்டு ஆகப்போகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் சாமியார், அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூசைக்கு வருகிறார். அவள் பாடும் மாதா பாட்டைப் பூசையில் வாசிப்பதாக அவள் கல்லறையில் கை வைத்துச் சொல்லியிருந்தான்.

டோரினின் தாய் சவரியம்மா அவனோடுதான் இருந்தாள். அவளுக்கு மிஞ்சியது மகன் தேவதாஸ் ஒருவன். அவனும் இரண்டு வருடத்துக்கு முன், வெள்ளைக்காரனை எதிர்த்துச் சண்டை போடும் கம்யூனிஸ்டுகளோடு காட்டுக்குள் போய்விட்டான். வீட்டில் அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை. காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு போகக் கூடாதென்று அரிசி அளந்துதான் கிடைக்கும். ஒரு பிடி சோறு வேலிக்கு வெளியே போனாலும் சிறைதான்.

லயத்தைச் சுற்றிலும் முள்வேலி, வேலி நெடுக விளக்கு. விளக்குக்காக ஐந்து மணிக்கு இஞ்சினை ஓட்டிவிட்டு வந்து, அதே கரண்டில் அலெக்சாண்டர் பெட்டியைத் திறப்பான். மண்ணுக்கு இறங்கும் எர்த் வயர் இல்லாததால்தான் உறுமுகிறது என்று கண்டுபிடித்து, பெட்டியிலிருந்து ஒரு வயரை இழுத்துப் போய் முள்வேலியில் முறுக்கினான். தோட்டத்தையே சுற்றி ஓடும் கம்பி, இதைவிடப் பெரிய எர்த் ஏது?

உறுமல் அடங்கியது. ஆனால் வேறொன்று முளைத்தது. ஐந்தரை மணியானால், சூடான எண்ணெயில் கடுகு போட்ட மாதிரிப் படபடவென்று பொரியும். இரண்டே நிமிடம். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு கை பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தான். அதே லயத்தில் வளர்ந்து ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்த சன்னாசி, துப்பாக்கியைச் சுவரில் சாத்திவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தான்.

"அண்ணே, பூசையில இது பொரிஞ்சா, வெளிய யாரோ வடை சுடுறாங்கன்னு சாமியார் எந்திரிச்சுப் போயிருவாருலா."

"வாய மூடுடா. இன்னைக்குப் புடிச்சிர்றேன் பாரு."

ஐந்தரைக்குப் பொரிந்தது. பென்சிலால் வால்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டினான். டிங் டிங் என்றது, அவ்வளவுதான். கித்தார் வயரைப் பிடுங்கினான். அப்போதும் பொரிந்தது. கைத்துணியால் பிடித்து முதல் வால்வையே கழற்றினான். அப்போதும் பொரிந்தது. மிச்சம் எர்த் வயர். அதை எடுத்தான். பழைய உறுமல் வந்தது, பொரிச்சல் இல்லை. திரும்பத் தொட்டான். படபட!

"வேலிடா சன்னாசி! யாரோ வேலிய ஆட்டுறாங்க, அதான் இங்க பொரியுது!"

"ஆடா இருக்கும்ணே, இரு, வெரட்டிட்டு வரேன்."

சன்னாசி துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அவன் ஓடுவதைப் பார்த்து ரோந்து வந்த போலீஸ் கோப்ரலும் பின்னாலேயே ஓடினார்.

அலெக்சாண்டர் சிரித்துக்கொண்டே வால்வைத் திரும்பச் செருகினான். அப்போதுதான் அடுப்படி கண்ணில் பட்டது. அத்தை சவரியம்மாவின் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. பல நாளாகவே "எனக்குப் பசியில்ல மாப்ள" என்பாள். ஆட்டுக்குப் புல் அறுக்க என்று தினமும் ஐந்தேகாலுக்குக் கிளம்புவாள்.

பெட்டி ஒருமுறை பெரிதாகச் சடசடத்து ஓய்ந்தது. வேலிப் பக்கம் விசில் ஊதினார்கள். வயரைப் பிடுங்கி எறிந்தான்.

வாழையிலையில் கட்டிய சோறு சவரியம்மாவின் மடியிலேயே இருந்தது. பெட்டி பொரிந்ததால்தான் ஓடி வந்ததாகச் சொன்ன சன்னாசி தலை நிமிரவில்லை. வேலிக்கு வெளியே யாரும் அகப்படவில்லை. கோப்ரல் அவளை லாரியில் ஏற்றும்போது, "ஆட்ட உள்ள கட்டிரு மாப்ள" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்கு வெளியே மண்ணில் இரும்புக் கம்பி அடித்து அதில் எர்த் கொடுத்தான். பெட்டியில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சாமியார் திரும்பிப் பார்த்துக் காத்திருந்தார். அலெக்சாண்டரின் விரல் தந்திமேல் போகவேயில்லை.

மறுநாள் வயரை மறுபடி வேலியில் முறுக்கினான். ஐந்து மணிக்கு இஞ்சினை ஓட்டிவிட்டு வந்து பெட்டியருகே உட்காருவான். கித்தார் ஆணியில் தொங்கியது. தேவதாஸ் ஒருநாளாவது வந்து கம்பியைத் தொடமாட்டானா என்று ஐந்தரை தாண்டும்வரை காது கொடுப்பான். பெட்டி பொரியவேயில்லை.

மூன்று மாதம் கழித்துச் சிரம்பான் சிறையில் அத்தையைப் பார்க்க விட்டார்கள். வார்டர் பக்கத்திலேயே நின்றார். வலைக்கு அந்தப் பக்கம் பாதியாகிப் போயிருந்தாள்.

"பெட்டி இன்னும் பொரியுதா மாப்ள?"

அவள் கேட்டது மகன் உயிரோடு இருக்கிறானா என்று. அலெக்சாண்டர் வார்டரை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"பொரியுது அத்த. தெனமும் அஞ்சரைக்கு."

சவரியம்மா வலையில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

"அப்படியே இருக்கட்டும் மாப்ள. சரி பண்ணிராத."