பிரேக்கில் பிழையில்லை

கல்லடியில் கடற்காற்றுக்கு இரும்பு தாங்காது. ஜன்னல் கம்பிகூட இரண்டு மாரி கழிந்தால் பொரிந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில், இரண்டே பேர் ஏறக்கூடிய, நிலத்தோடு ஒட்டிக் கிடக்கிற பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்துக்கொண்டு, ஞாயிறு முழுவதும் அதற்கு அடியில் படுத்துக் கிடப்பவனை என்னவென்று சொல்வார்கள்? காருக்கு எங்கள் ஒழுங்கையில் தவளை என்று பெயர். எனக்கு வைத்த பெயரை என் முகத்துக்கு முன்னால் யாரும் சொன்னதில்லை.

நான் கச்சேரியில், மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், உத்தியோகம் பார்க்கிறவன். நாள் முழுவதும் மற்றவர்கள் எழுதியதில் ஒப்பம் வைக்கிற வேலை. வருடத்தில் ஓரிரு தடவை, தீவின் மறுகரையில் இருக்கிற பந்தயத் திடலைச் சாதாரண ஆட்களுக்குத் திறந்துவிடுவார்கள். டிராக் டே என்பார்கள். அதில் போட்டியும் இல்லை, பரிசும் இல்லை. சொந்தக் காரைக் கொண்டுபோய், தலைக்கவசம் போட்டுக்கொண்டு, எதிரே பஸ்ஸோ மாடோ வராத பாதையில் மனம் நிறைய ஓட்டலாம். அந்த ஒரு நாளுக்காகத்தான் மிச்ச நாட்களில் ஒப்பம் வைத்தேன் என்று சொன்னாலும் பிழையில்லை.

வேகமாகப் போவது பெரிய காரியமே அல்ல. அதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். நேர்ப்பாதை முடிந்து வளைவு வருகிற இடத்தில் எவ்வளவு பிந்தி, எவ்வளவு அழுத்தி பிரேக்கை மிதிக்கிறோம், மிதித்ததை எப்படி மெல்ல மெல்ல விடுகிறோம் என்பதில்தான் ஓட்டுகிறவனின் கெட்டித்தனம் இருக்கிறது. டயர் வழுக்கப் போவதைப் பெடல் முதலில் உள்ளங்காலுக்குச் சொல்லும். கண்ணுக்கு அது பிறகுதான் தெரியும். மெல்லிய அடி வைத்த சப்பாத்தை அதற்கென்றே வாங்கிக் கொட்டகையில் வைத்திருந்தேன்.

என் மனைவிக்கு இதெல்லாம் பயம். போகாதே என்று சொல்லிப் பார்த்தாள், பலிக்கவில்லை. கடைசியில் அம்மனிடம் போய் நேர்ந்துவிட்டாள். நான் ஒவ்வொரு தடவையும் முழு ஆளாகத் திரும்பி வந்தால், வைகாசிச் சடங்கில் தீ மிதிப்பேன் என்று. நேர்ந்தது அவள், மிதிப்பது நான். எங்கள் வீட்டில் பல விஷயங்கள் அப்படித்தான்.

முதல் வருடங்களில் நன்றாகவே சுட்டது. காப்புக் கட்டி, விரதம் இருந்து, மஞ்சள் தண்ணீரில் குளித்து, வேப்பிலையோடு போய் நின்றாலும், குழியில் இறங்கியதும் என் பக்தி எல்லாம் ஓட்டமாக மாறிவிடும். பொம்பிளைகள் குரவை போடுவார்கள். நான் மறுபக்கம் போய்ப் பால் ஊற்றிய குழியில் காலை வைத்துக்கொண்டு பல்லைக் கடிப்பேன்.

போன வைகாசியில் சுடவில்லை.

இறங்கினேன், ஓட வேண்டும்போல இருக்கவில்லை. கடற்கரை மணலில் போவதுபோல நடந்தேன். பறையும் குரவையும் காதில் விழுந்தன, கீழே ஒன்றும் தெரியவில்லை. பாதியில் ஒரு கணம் நின்றேன் என்றுகூடப் பிறகு சொன்னார்கள். பூசாரியார் என் நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூசி, "அம்மாள் உன்ன ஏத்துக்கிட்டா மனே" என்றார். முன்பின் பேசாதவர்கள் வந்து காலைத் தொட்டார்கள். என் மனைவி அழுதாள். அவ்வளவு சந்தோஷத்தை அவள் முகத்தில் நான் எங்கள் கலியாணத்தன்றுகூடக் கண்டதில்லை. எனக்கும் உடம்பு புல்லரித்தது. கோயிலுக்கு அவளுக்குத் துணையாகப் போகிறவனாகவே இருந்த நான், அன்றைக்கு நம்பினேன்.

எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருக்கிறது. வீட்டில் பழைய கதிரை ஒன்று கிடப்பதுபோல அது பாட்டுக்குக் கிடக்கும், நானும் கவனிப்பதில்லை. அதையும் தீயையும் சேர்த்து நினைக்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

ஆவணியில் டிராக் டே என்று அறிவித்தார்கள். வேலையைத் தொடங்கினேன். மேலதிகச் சில்லு, காரைத் தூக்குகிற ஜக், கால்விரிப்பு, இருக்கைக்குக் கீழே உருளக்கூடியது எது இருந்தாலும் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். பிரேக் பேட் புதிது போட்டேன், அதிக சூடு தாங்குகிற பிரேக் ஒயில் மாற்றினேன். பிறகு மண்முனைப் பாலத்தைத் தாண்டி, கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் வட்டைகளுக்கு நடுவே நீளமாகக் கிடக்கிற றோட்டில் ஓட்டிப் பார்த்தேன். கார் நின்றது. ஆனால் பெடல் எனக்கு ஒன்றுமே சொல்லவில்லை. பஞ்சை மிதிப்பதுபோல இருந்தது.

பெடல் பஞ்சாக இருந்தால் பைப்பில் காற்று நிற்கிறது என்று அர்த்தம். அதை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே இருந்து பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சில்லடியில் இருந்து திருகாணியைத் திறந்து ஒயிலையும் காற்றையும் வெளியே விட்டு மூட வேண்டும். என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு காருக்குள் இறங்கினாள்.

"மிதி."

"மிதிச்சிட்டன்."

"பிடிச்சிரு. விடாத. ம்... இப்ப விடு."

நாலு சில்லிலும் எடுத்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை. நான் ஏறி இருந்து மிதித்தேன், பஞ்சு. மறுபடியும் எடுத்தோம். அடுத்த ஞாயிறும் எடுத்தோம். கொழும்பிலிருந்து பிரேக் சிலிண்டரை எடுப்பித்து மாற்றினேன். அப்போதும் பஞ்சுதான்.

"இஞ்ச பாருங்க, இது கல்லுப் போல இறுகிக் கிடக்கு" என்றாள்.

"ஒனக்கு என்ன தெரியும்? கார் ஓட்டுறது நீயா?"

"ஓட்டத் தெரியாட்டி என்ன, காலுக்குத் தெரியாதா?"

நான் சாவியை வீசி எறிந்தேன். அது எங்கே போய் விழுந்தது என்று இருவரும் சேர்ந்துதான் தேடினோம். எல்லாவற்றையும் சரியாகச் செய்திருக்கிறேன், ஆனாலும் சரிவரவில்லை. யாரைக் கோபிப்பது என்று தெரியாமல் தவளையைக் கோபித்தேன், அவளைக் கோபித்தேன், உப்புக்காற்றைக் கோபித்தேன். அதே வாரம் ஒரு சின்ன நட்டும் தொலைந்துபோனது. கொட்டகை முழுக்கக் கூட்டித் தேடியும் கிடைக்காமல் வேறொன்றைப் போட்டுப் பூட்டினேன்.

பிழை தீராமலே போனோம். அவளும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கூட வந்தாள். திடலில் காரைப் பரிசோதிக்கிறவர் உள்ளே இருந்து பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "நல்ல பெடல்" என்றார் ஆங்கிலத்தில். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் என் மெல்லிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பாதையில் இறங்கினேன்.

முதல் சுற்றுகளை மெதுவாக ஓட்டினேன். பிறகு நேர்ப்பாதையில் முழுவதும் அழுத்தினேன். வளைவு வந்தது. மிதித்தேன். மிதித்தேன் என்றுதான் நினைத்தேன். காரின் வேகம் குறையவில்லை, இயந்திரம் இன்னும் கத்தியது. என் கால் பிரேக்கில் இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா, இரண்டிலும் பாதி பாதியாக இருக்கிறதா, எனக்குத் தெரியவில்லை. என் கால் எங்கே இருக்கிறது என்று பார்க்க நான் கீழே குனிந்தேன். அந்த வேகத்தில் குனிந்தேன். அப்படி ஒரு கையாலாகாத்தனத்தை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை. நிமிர்ந்தபோது பாதை இல்லை, புல்தான் இருந்தது. கார் புல்லில் சுழன்று, மணலில் புதைந்து நின்றது. வேலிக்கு இன்னும் இடம் இருந்தது.

காருக்கு ஒன்றும் இல்லை. "பிரேக்! பிரேக் பிடிக்கல்ல!" என்று கத்திக்கொண்டு இறங்கினேன். ஓடிவந்த ஒருவர் உள்ளே இருந்து மிதித்துப் பார்த்தார், பிறகு இன்னொருவர். இருவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

என் மனைவி மூச்சிரைக்க வந்தாள். என்னை ஒரு டயர் அடுக்கில் இருத்தி, அடிபட்டிருக்கிறதா என்று கையைத் தடவி, முழங்காலைத் தடவி, சப்பாத்தைக் கழற்றினாள். வலது சப்பாத்திலிருந்து சின்ன நட்டு ஒன்று விழுந்தது. கொட்டகை முழுக்க நான் தேடிய நட்டு. காலுறையின் அடி முழுக்க இரத்தம். அதைக் கழற்றினால் உள்ளங்காலில் நட்டின் அளவுக்கே ஒரு குழி.

"நோகல்லையா?" என்றாள்.

"இல்ல."

அவள் விரலை அந்தப் புண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினாள். "இப்ப?"

நான் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்ததால்தான் அழுத்துகிறாள் என்று தெரிந்தது.

அவள் முகத்தில் ஏதோ வடிந்து போவதைக் கண்டேன். பிறகு, எனக்குச் சொல்வதுபோல இல்லாமல், "அப்ப சடங்குக்குச் சுடாததும்..." என்றாள். பொங்கி வந்தது எனக்கு. காருக்காகவா, காலுக்காகவா, அவள் அன்று அழுத அந்தச் சந்தோஷத்துக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

காரை அங்கேயே தெரிந்தவர் ஒருவருடைய கராஜில் விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தோம். பிறகு லொறியில் ஏற்றி எடுப்பித்தேன். ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு நைலோன் நூலால் காலைத் தொட்டுத் தொட்டு, "தெரியுதா? தெரியுதா?" என்று கேட்டார். பரீட்சையில் பார்த்து எழுதுகிறவன்போல, குத்துமதிப்பாக நானும் "ஓம், ஓம்" என்றேன். அவர் நிறுத்திவிட்டு, "நான் இன்னும் தொடவே இல்ல" என்றார். போன உணர்ச்சி திரும்பாது, இருக்கிறதையாவது காப்பாற்றுவோம், இனி வாகனம் ஓட்டக் கூடாது என்றார். வீட்டுக்குள்ளேயும் செருப்புப் போடச் சொன்னார். புண் ஆற மாதக்கணக்கானது.

தவளை கொட்டகையில் நிற்கிறது. சனிக்கிழமைகளில் என் மனைவி அதற்குள் இருந்து ஸ்டார்ட் பண்ணுவாள், பட்டரி இறங்காமல் இருக்க. நான் வெளியே கதிரையில் இருப்பேன். நிறுத்த முன்னர் பிரேக்கை ஒருதரம் மிதித்துப் பார்க்கச் சொல்வேன். "கல்லுப் போல கிடக்கு" என்பாள். இப்போது நம்புகிறேன்.

இந்த வைகாசி வருவதற்கு முன், கோயிலிலிருந்து பெரியவர் ஒருவரும் இன்னொருவரும் வீட்டுக்கு வந்தார்கள். கதிரையைப் போட்டு இருத்தினோம்.

"தம்பி, இந்த முற நீங்கதான் முதல் ஆளா இறங்கோணும்" என்றார் பெரியவர். "போன முற ஊரே பாத்தது. ஒங்கட காலப் பாத்துத்தான் மத்த ஆக்களுக்கும் நம்பிக்க வரும்."

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி கொண்டுவந்த என் மனைவி அப்படியே நின்றாள்.

"அவர் இறங்கமாட்டார்" என்றாள்.

"ஏன் மகள்?"

"அவருக்குச் சுடுறல்ல."

பெரியவரின் முகம் மலர்ந்துவிட்டது. "அதத்தானே மகள் நாங்களும் சொல்றம்!" என்று இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார், என் காலைப் பார்த்து.