புளிய மரத்தடியில் வெந்த சாளைமீன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், குழித்துறைக்கும் சிதறாலுக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரின் பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பனையேறிகளும் கூலிக்காரர்களும் நிறைந்த ஊர். பாடத்தோடு, தாய்மாரைக் கூட்டி நல்ல சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதும் என் பொறுப்பாக இருந்தது.

முதல் கூட்டத்தில் பெரிய வண்ணப் படமொன்றை மரத்தில் மாட்டினேன். பால், முட்டை, ஆரஞ்சுப் பழம். நான் பேசி முடித்ததும், இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி கேட்டாள்:

“டீச்சரே, இந்தப் படத்த வீட்டுக்குக் கொண்டுபோனா பிள்ளைய நக்கச் சொல்லலாம். வேற என்னத்துக்கு ஆவும்?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். படத்தைச் சுருட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தேன். பனையேறி ஒருவரின் மனைவி அவள். ஓலைக்குடிசை. பொழுது சாய்ந்திருந்தது. மூத்த மகள், ஏழெட்டு வயதுப் பெண், சுவரைத் தடவித் தடவி வெளியே வந்தாள்.

“அந்தியானா இவளுக்குக் கண்ணு தெரியாது. இந்த வரிசையில இன்னும் கொஞ்சம் பிள்ளைகளும் இப்பிடித்தான்” என்றாள் தாய், மழை வரும் என்று சொல்வதுபோல.

என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டேன். காலையும் மாலையும் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு. தொட்டுக்கொள்ள உப்பும் வத்தல் மிளகாயும். மீன் வாங்கும் நாளில் மீன் பனையேறுகிறவருக்கு, குழம்பு மட்டும் பிள்ளைகளுக்கு. மீன் கொடுத்தால் தோலில் கரப்பான் வரும், கீரை கொடுத்தால் வயிறு இளகும் என்ற பயம். வாசலில் முருங்கை தழைத்து நின்றது. அதன் இலையை ஆடுதான் தின்றது.

மறுநாளே மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். மாலைக்கண் நோய் என்று சொல்லி, முருங்கைக் கீரையும் மீன் ஈரலும் கொடுக்கச் சொன்னார். கடியப்பட்டணத்திலிருந்து குழித்துறைச் சந்தைக்கு மீன் சுமந்து வரும் பெண்ணிடம் சுறா ஈரல் கேட்டேன். அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தாள்.

“அத உருக்கி கடலுக்குப் போற வள்ளத்துக்குல்லா பூசுவோம்! திங்கவா கேக்கிய?”

விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. அடுத்த சந்தைக்கே இலையில் பொதிந்து கொண்டுவந்தாள்.

பனையேறி கோபத்தில் குதித்தார். “ஏட்டி, வள்ளத்துக்குப் பூசுறதயா பிள்ளைக்குக் குடுக்க?”

“குடுக்கத்தான் செய்வேன். அந்திக்கு அவ முட்டி மோதி விழும்ப தூக்கி விடுறது நான்லா.”

ஈரலைத் துண்டுகளாக்கி, சின்ன உள்ளியும் நல்லமிளகும் சேர்த்து வதக்கி, முருங்கைக் கீரையோடு பிசைந்து கொடுத்தோம். பிள்ளை முதல் வாயைத் துப்பினாள். தாய் இன்னும் கொஞ்சம் தேங்காய் சேர்த்தாள். பிறகு உள்ளே போனது. கீரை தினமும், ஈரல் கிடைத்தபோதெல்லாம்.

சில வாரங்கள் கழித்து, விளக்கேற்றும் நேரத்தில் என் வாசலில் ஒரே கூச்சல். அந்தச் சிறுமி ஒரு கோழியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். கோழி திமிறியது. அவள் விடவில்லை.

“டீச்சரே, வேலிக்கு அந்தப் பக்கம் ஓடிச்சு. இவளே பாத்து, இவளே ஓடி, இவளே பிடிச்சா!” தாய் அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். பின்னால் பனையேறி நின்றார். முன்னால் வந்து என்னிடம் கேட்டார்:

“நாளைக்கும் ஈரல் கிட்டுமா டீச்சரே?”

அதன் பிறகு யாரையும் நான் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமைதோறும் சமைத்துக் காட்டினோம். பள்ளிக்கூடம் இருந்த கிறிஸ்தவ சபை வளாகம் என்றால் வேறு வழிபாட்டினரான அய்யாவழிக் குடும்பத்துப் பெண்கள் வரத் தயங்கியதால், பாதையோரப் புளியமரத்தடியில் அடுப்பு மூட்டினோம். ஒருத்தி கீரை, ஒருத்தி கிழங்கு, ஒருத்தி ஒரு பிடி காணப்பயறு என்று கொண்டுவந்தார்கள். சாளைமீன் மலிந்த நாளில் பண்ணையார்கள் தென்னைக்கு உரமாகக் கொட்டும் அதே மீனைப் புதிதாக வாங்கி நாங்கள் முள்ளும் பொடியும்படி வேகவைத்தோம். அந்தப் பனையேறி மனைவிதான் அகப்பையைப் பிடித்தாள்.

“முதல்ல பிள்ளைகளுக்கு. ஆம்பிளைகளுக்குப் பெறவு” என்று சட்டம் போட்டாள்.

“கரப்பான் வந்தா யாரு பாப்பா?” என்று ஒரு கிழவி சண்டைக்கு வந்தாள். பனையேறி மனைவி தன் கைக்குழந்தைக்கு எல்லாரும் பார்க்க மீனை மசித்து ஊட்டினாள். அடுத்த சனிக்கிழமை குழந்தையின் சட்டையைக் கழற்றி, குழந்தையை அந்தக் கிழவியின் மடியில் கிடத்தினாள். கிழவி முதுகையும் வயிற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, பேரனுக்காகத் தேங்காய்ச் சிரட்டையை நீட்டினாள்.

அந்த வருஷம் முடிவதற்குள் பிள்ளைகளின் கடைவாய்ப் புண்கள் ஆறின. மதியத்துக்குமேல் வகுப்பில் தூங்கி வழிந்தவர்கள் பள்ளிமுற்றத்தை அதகளமாக்கினார்கள். அவர்களை அதட்டும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

பிறகு ஆற்றுக்கு அக்கரை ஊரிலிருந்து அழைப்பு வந்தது. என்னையல்ல, பனையேறி மனைவியைத்தான் கேட்டிருந்தார்கள். பெரிய மண்பானையைப் பனையேறி தோளில் சுமந்தார். மகள் முன்னால் ஓடினாள். நானும் கூடப் போனேன். அங்கே பெருங்கூட்டம் கூடியிருந்தது. அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு, “யாரு வீட்டுல முருங்க நிக்கு? ஓடிப்போயி ஒடிச்சிட்டு வாருங்க” என்றாள். பெண்கள் ஓடினார்கள்.

கீரை வெந்தது, மீன் வெந்தது, பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கித் தின்றார்கள். கடைசியில் பானையைக் கவிழ்த்துத் தட்டியும் ஒரு துணுக்குகூட விழவில்லை. எனக்கும் அவளுக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. பசித்த வயிற்றோடு ஆற்றைக் கடந்து வந்தோம். எந்தக் கல்யாண விருந்திலிருந்தும் நான் அத்தனை நிறைவோடு வீடு திரும்பியதில்லை.