பதுளையில் வெள்ளை அடித்த மாடிக் கடைகள்

காலை 7.10. பண்டாரவளையில் தனியார் பஸ் ஏறினேன். பதுளைக்கு இருபத்தெட்டுக் கிலோமீற்றர், கட்டணம் நூற்று முப்பது ரூபாய். எல்லையில்லாப் பொறுமை மட்டும் இலவசமாகக் கேட்டார்கள். எல்லவில் வெள்ளைக்காரர்களின் முதுகுப் பைகளை ஏற்ற இருபது நிமிடம். ஹாலிஎலவில் நடத்துநர் தேநீர் குடிக்கப் பத்து நிமிடம். என் மடியில் யாரோ ஒருவரின் முட்டைக்கோவா மூட்டை. ஐம்பத்தெட்டு வயதில் பழைய கட்டடம் பார்க்க அலைய வேண்டுமா என்று என் மனைவி கேட்டது ஹாலிஎலவிலேயே நியாயமாகப் படத் தொடங்கியது.

நான் கொழும்பில் கட்டடப் படவரைஞர். பதுளைக் கடைத்தெரு ஒன்றில் விக்டோரியா காலத்து மாடிக் கட்டடம் இருப்பதாக நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். கீழே ஐந்து கடைகள், மேலே எட்டுக் குடும்பங்கள், பாதுகாக்கப்பட்ட கட்டடமென்று அரசாங்கம் அறிவித்தது. என்னை இழுத்தது கடைகளுக்கு மேலே சுவரில் எழுதியிருந்த பழைய விளம்பரம். சீமை மாவு, சவுக்காரம், லாந்தர் என்று அந்தக் காலக் கடைச் சாமான்களைக் கருநீலத் தமிழ் எழுத்தில் வரிசையாக எழுதியிருந்தார்களாம். கீழே ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் முதலாளியைத் தொலைபேசியில் பிடித்து, கட்டடத்தைப் பார்த்து அளக்க வருகிறேன் என்று சொல்லி வைத்தேன். 'அளக்க' என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் கெட்டது.

8.50. தெருமுனையில் நின்று பார்த்தேன். கட்டடம் கம்பீரமானதுதான். தெருவுக்கு நிழல் தரும் நீண்ட மரப் பல்கனி, அதைத் தாங்கும் வார்ப்பிரும்புத் தூண்கள், காற்று வரக் கதவுகளுக்கு மேலே பூவேலை செய்த மரச்சட்டங்கள். ஆனால் தூண், சட்டம், சுவர் எல்லாமே பளீரென்ற வெள்ளை. இரும்புத் தூணில் சுண்ணாம்பு இன்னும் காயாமல் வடிந்துகொண்டிருந்தது. எழுத்து இருந்த இடத்தில் ஓர் எழுத்தும் இல்லை. வாய்விட்டுத் திட்டினேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் சிரித்த முகத்துடன் வந்தார். கையில் இன்னும் சுண்ணாம்பு. பெயர் செல்வராணி, மாடியில் ஆறாம் இலக்க அறை, பிறந்தது மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"தொரை பாக்க வர்றாருன்னா லயத்துக்கு வெள்ள அடிச்சு வைப்போம்ங்க. கொழும்புல இருந்து ஐயா அளக்க வர்றாருன்னு மொதலாளி சொன்னாரு. எட்டு வீட்டாளுங்களும் நேத்து பூரா நின்னு அடிச்சோம், இன்னிக்குக் காலையிலதான் தூண முடிச்சோம்."

மாடி வீட்டுக்காரர்கள் எல்லோரும் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். தோட்டத் துரை போன்ற மேலிடத்து ஆள் வந்தால், தாங்கள் குடியிருக்கும் லய வரிசையின் முகத்தை வெளுத்துக் காட்டுவது அவர்களுக்கு மரியாதை. பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் அதுவே குற்றம் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. என்னை அவர்கள் அனுமதி தர வந்த அதிகாரி என்றே நம்பியிருந்தார்கள்.

என்ன அனுமதி என்பது மாடிப்படியைப் பார்த்ததும் புரிந்தது. இரண்டு கடைகளுக்கு நடுவே ஒரு இருட்டுச் சந்து. அதில் செங்குத்தாக இருபத்திரண்டு படிகள். கைப்பிடி கிடையாது. ஏழு பலகைகள் உளுத்துப் போயிருந்தன. செல்வராணியின் கணவர் ராமையாவுக்குச் சர்க்கரை நோயால் முழங்காலுக்குக் கீழே ஒரு கால் எடுத்தாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நான்கு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது நான்காம் படி முறிந்தது. எப்படியோ மேலே சேர்த்துவிட்டார்கள்; அதன் பிறகு அவரைக் கீழே இறக்க ஒருவரும் துணியவில்லை. செயற்கைக் காலுக்கு அளவு கொடுக்க வரச்சொன்ன நாட்கள் இரண்டு கடந்துவிட்டன. பதினொரு மாதமாக மனிதர் பல்கனியிலேயே இருக்கிறார். பலகை மாற்றவும் கைப்பிடி வைக்கவும் விண்ணப்பித்தால், வரைபடம் இல்லை என்று திரும்பி வருகிறது. கீழே ஒரு கடைக்காரர் குளிரூட்டிக்காகச் சுவரில் குடைந்த ஓட்டை மட்டும் எந்த அலுவலகத்தின் கண்ணிலும் படவில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. "நான் அனுமதி குடுக்கிற கந்தோர் ஆள் இல்லை, தங்கச்சி. சும்மா பார்த்து எழுத வந்தனான்" என்றேன்.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. என் கையிலிருந்த அளவு நாடாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அளக்கத் தெரியுமில்லீங்களா? அப்ப அந்தப் படிய அளந்து படம் போட்டுக் குடுத்துட்டுப் போங்க" என்றார்.

10.15 முதல் 3.30 வரை படியில் கிடந்தேன். அகலம் இரண்டடி நான்கு அங்குலம், ஒவ்வொரு படியும் ஒன்பதரை அங்குல உயரம். அந்தக் காலத்து எஞ்சினியர் தெருவுக்குத் தெரியும் பக்கத்தில் பூவேலையாக இழைத்துத் தள்ளிவிட்டு, ஆட்கள் ஏறும் பக்கத்தை ஏணியாக விட்டுவிட்டார். நானும் அந்த முகப்பைப் பார்க்கத்தான் வந்தேன் என்பது வேலைக்கு நடுவே உறுத்தியது. ராமையா மேலே படி முடியும் இடத்தில் நாற்காலியில் இருந்தபடி நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். படிக்கு எந்த மரம் நல்லது என்று மட்டும் கேட்டார்.

புறப்படும்போது செல்வராணி சுண்ணாம்பைத் தேய்த்துக் கழுவிவிடட்டுமா என்று கேட்டார். தேய்த்தால் பழைய எழுத்தும் கூடவே உரிந்துவிடும், மழை தானாகக் கரைக்கட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு 4.15 பஸ்ஸில் ஏறினேன்.

கொழும்பு வந்த மறுநாளே வரைபடத்தை அனுமதி தரும் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பத்து நாளில் பதில் வந்தது: வரைபடம் சரி, கட்டடத்தின் இன்றைய முகப்புப் படம் வேண்டும். வெள்ளை அடித்த முகப்பை எடுத்து அனுப்பினால் அனுமதிக்குப் பதிலாக வழக்குத்தான் வரும். இந்தக் கட்டுரையில் படமும் தெருப் பெயரும் இல்லாததற்கும் அதுவே காரணம். பதுளைக்கு வறட்சிக் காலமான ஆடி மாதத்தில் மழையை நம்பச் சொன்ன என் அறிவை நானே மெச்சிக்கொண்டு மூன்று வாரம் காத்திருந்தேன். ஒரு துளி விழவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் தொலைபேசியில் கூப்பிட்டு, எழுத்துப் போனால் போகட்டும், தேய்த்துவிடுங்கள் என்றேன்.

"நேத்தே தேச்சிட்டோம்ங்க. எழுத்தெல்லாம் போயிருச்சு. ஐயாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் பயந்துக்கிட்டு இருந்தேன்" என்றார் செல்வராணி.

உடனே படம் எடுத்து அனுப்புங்கள் என்று சொல்லி வைத்தேன். கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. என் கண்ணால் ஒரு தடவைகூடப் பார்க்காத எழுத்துக்காக, ஒரு மனிதரை இன்னும் மூன்று வாரம் மாடியில் உட்கார வைத்துவிட்டேன்.