தம்பியின் இரத்தப் பரிசோதனைக்கு ஒரு காரணம்

மலாக்கா டவுனில் ஒரு தனியார் இருதய சிகிச்சை மையத்தில், பில்லிங் பிரிவில் வேலை செய்கிறேன். டாக்டர் எழுதித் தரும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு குறியீடு உண்டு. அதை ஏன் எடுக்கிறோம் என்பதற்கு இன்னொரு குறியீடு. இரண்டும் பொருந்தினால்தான் இன்சூரன்ஸ் கம்பெனி தலையாட்டும். சாதாரண கொலஸ்ட்ரால் பரிசோதனைக்கு அதிகம் கேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் பரம்பரையாக வருகிற ஒருவகைக் கொலஸ்ட்ரால் இருக்கிறது. ஒல்லியாக இருந்தாலும், தினமும் ஓடினாலும், எண்ணெயைத் தொடாவிட்டாலும் அது குறையாது. சாதாரணப் பரிசோதனையில் தெரியவும் தெரியாது. அதற்கான சிறப்புப் பரிசோதனைக்கு ‘வழக்கமான பரிசோதனை’ என்று காரணம் போட்டால் போன வேகத்தில் திரும்பி வரும். ‘குடும்பத்தில் இளவயது இருதய நோய்’ என்று டாக்டரின் குறிப்பில் இருந்தால் போகும். குறிப்பில் இல்லாததை நாங்கள் போட முடியாது.

அந்தக் குறிப்புக்காகக் கவுண்டரில் நம் ஆட்களிடம் கேள்வி கேட்பது பெரிய தலைவலி. “குடும்பத்துல யாருக்காவது ஹார்ட் பிரச்சினை இருக்கா?” என்றால், முதலில் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு, “சேச்சே, எங்க பரம்பரையில அதெல்லாம் கிடையாதும்மா” என்பார்கள், ஏதோ நான் பெண் கேட்டு வந்த மாதிரி. கல்யாணத்துக்குப் பிள்ளை இருக்கிற வீட்டில் இருதய நோய்ப் பேச்சு வாசலைத் தாண்டாது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்கு வந்து என் மாமியாரிடம் கொட்டித் தீர்ப்பேன். அத்தை ‘ம்’ கொட்டிக்கொண்டே கேட்பார்.

என் தம்பி சுங்கை ஊடாங்கில் வெல்டர். வருடாந்திரப் பரிசோதனைக்கு எங்கள் மையத்துக்கே வந்தான். எல்லாம் சரியாக இருந்தது. டாக்டர் பேச்சுவாக்கில் அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டிருக்கிறார். வேலை பார்த்த தோட்டத்தில் வழுக்கிக் கால்வாயில் விழுந்துவிட்டார், நாற்பத்தெட்டு வயது என்று இவன் சொல்லியிருக்கிறான். எவ்வளவு தண்ணீர் என்று அடுத்த கேள்வி. முழங்கால் அளவு என்று இவன் பதில். டாக்டர் அந்தச் சிறப்புப் பரிசோதனையை எழுதிவிட்டு, வீட்டில் சரியாக விசாரித்துக்கொண்டு வா என்று அனுப்பியிருக்கிறார்.

தகுந்த காரணம் இல்லை என்று இன்சூரன்ஸ் அதைத் திருப்பி அனுப்பியது. தம்பிக்குக் கொண்டாட்டம். “கம்பெனியே வேணாங்குது, விடு லா அக்கா. நான் ஃபிட்டாதான் இருக்கேன்” என்று போனில் சிரித்தான். கைக்காசு போட்டு எடுக்கலாம் என்றேன், கேட்கவில்லை. கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் அசையமாட்டான். அவனுக்கு இரண்டு சின்னப் பெண் பிள்ளைகள். முழங்கால் தண்ணீரில் விழுந்து யாராவது சாவார்களா என்ற நினைப்பு என்னை விடவில்லை.

செலண்டாரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன். “அப்பா விழறதுக்கு முன்னாடி நெஞ்சு வலிச்சுதாம்மா?” என்று கேட்டேன். “அடுப்புல குழம்பு இருக்கு” என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி புக்கிட் ரம்பாயில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அத்தையும் நானும் ஹாலில் பேப்பரை விரித்து நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருந்தோம். என் கணவர் டிவி முன்னால் இருந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும், அத்தையைத் தேத்தண்ணி போடச் சொல்லி அனுப்பிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

“அவங்க இருக்கட்டும். அவங்ககிட்டதான் சொல்லணும்” என்றார் அம்மா. உட்காரக்கூட இல்லை. “சம்பந்தி, இவ அப்பா வழுக்கி விழல. காலையிலேர்ந்து நெஞ்சப் புடிச்சிக்கிட்டுதான் இருந்தாரு. அவரு அண்ணனும் அப்படித்தான் போனாரு. அப்ப உங்க வீட்டுல இவளுக்குப் பேச்சு நடந்துக்கிட்டு இருந்துச்சு. ஹார்ட்டு குடும்பம்னு வேணாம்னுருவீங்களோன்னு பயந்து, தோட்டத்து ஆளுங்க அத்தன பேரையும் வழுக்கி விழுந்தாருன்னு சொல்ல வெச்சேன். உங்கள ஏமாத்திட்டேன். ஆனா இனிமே மறைச்சா என் மகனும் போயிருவான்.”

கவுண்டரில் கேட்டுக் கேட்டு நான் எரிச்சல்பட்ட அந்தப் பொய், எனக்காகவே ஒருத்தி தன் தாலியறுந்த அன்று சொன்ன பொய். அதைவிட, அத்தையின் வாயை நினைத்துத்தான் பயந்தேன். குழம்பில் உப்பு கூடினாலே ஒரு வாரம் பேசுகிறவர்.

அத்தை நெத்திலியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தெரியும் சம்பந்தி. சாவுக்கு வந்தப்பவே லாரி டிரைவர் ஒருத்தர் சொல்லிட்டாரு.”

கிள்ளிய தலையை ஓரமாக ஒதுக்கிவிட்டு அத்தையே தொடர்ந்தார்.

“நாங்க மட்டும் என்ன யோக்கியமா? எங்க பையனுக்குக் கல்யாணத்துக்கு முன்னயே இனிப்புநீர். சொன்னோமா?”

என் கணவர் சத்தமில்லாமல் எழுந்து மோட்டார் சைக்கிள் சாவியைத் தேட ஆரம்பித்தார். இத்தனை வருஷமும் என் பாயாசத்தால்தான் தனக்குச் சர்க்கரை வியாதி வந்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர்! நான் திட்டுவதற்குள் அம்மா சிரித்துவிட்டார். சிரிப்பு அப்படியே அழுகையானது. அத்தை நெத்திலிக் கையோடு அவரை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். அந்த இரண்டு பேரையும் கும்பிட வேண்டும் போல இருந்தது எனக்கு.

மறுவாரம் அம்மா டாக்டர் முன்னால் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னார். குறிப்பு வந்தது, குறியீடு போட்டேன், அனுமதி கிடைத்தது. தம்பியின் இரத்தத்தில் அந்தப் பரம்பரைக் கொலஸ்ட்ரால் தாறுமாறாக ஏறியிருந்தது. அடுத்துப் பார்த்த ஸ்கேனில் ஒரு இருதயக் குழாயில் பாதி அடைப்பு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்ததை அம்மா முடிக்க விடவில்லை. தம்பி இப்போது ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறான். அவன் குரலைப் போனில் கேட்கும்போதெல்லாம் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

கூடப்பிறந்தவள் என்பதால் எனக்கும் எடுக்க வேண்டும் என்றார்கள். லீவு போட்டுவிட்டு, நோயாளியாக வரிசையில் போய் நின்றேன். அத்தையும் கூடவே வந்திருந்தார். கவுண்டரில் புதிதாகச் சேர்ந்த பெண், குடும்பத்தில் இருதய நோய் உண்டா என்று கேட்டாள். பின் நாற்காலியில் எங்கள் கோயில் பெண்கள் இரண்டு பேர். என் மூத்த மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருக்கும் நேரம். என்னையறியாமல் நானும் திரும்பிப் பார்த்தேன்.

அத்தை என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“இருக்கும்மா, எழுதிக்க. எங்க சம்பந்தி நெஞ்சு வலியிலதான் போனாரு. நாப்பத்தெட்டு வயசு. நல்ல மனுசன்.”